ஆங்கில வினைக்குப் பின்னால் நிற்கும் சிறுசொல்

1755-இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதிக்கு சாமுவேல் ஜான்சன் எழுதிய நீண்ட முன்னுரையில் ஒரு பத்தி, அயல்நாட்டாரை மனத்தில் வைத்தே எழுதியது. வினைச்சொல்லோடு ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடும் வழக்கம் மற்ற மொழிகளைவிட ஆங்கிலத்தில் அதிகம் என்கிறார் அவர். வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் படிப்பவர்கள் மிகவும் திணறுவது இந்த இடத்தில்தான் என்றும் சொல்கிறார். பிறகு எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறார். ‘கம் ஆஃப்’ என்றால் தந்திரமாகத் தப்புவது. ‘ஃபால் ஆன்’ என்றால் தாக்குவது. ‘பேர் அவுட்’ என்றால் நியாயப்படுத்துவது. ‘செட் ஆஃப்’ என்றால் அழகுகூட்டுவது. ‘டேக் ஆஃப்’ என்றால் ஒன்றைப் பார்த்து அப்படியே செய்வது. தம் தொகுப்பு முழுமையானது என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் விடுபட்டுப்போனவற்றை, தாம் தந்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம் என்று நம்பினார்.

அந்த நம்பிக்கை சரிதானா? ஃப்ரேசல் வெர்ப் என்று இன்று அழைக்கப்படும் இந்தச் சேர்க்கை பற்றி அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டுகளாக நடந்த ஆய்வுகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைத்தான் சுற்றுகின்றன. இதற்குள் ஒழுங்கு உண்டு, சிலவற்றைப் படித்தால் மற்றவை தாமாக விளங்கும் என்பது ஒரு கட்சி. ஒழுங்கு ஒன்றுமில்லை, ஒவ்வொன்றையும் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான் என்பது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் பாதி உண்மை இருக்கிறது என்று சொல்லி நழுவுவது எளிது. எந்தப் பாதி எங்கே பொருந்துகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை.

ஜான்சன் சொன்ன ‘டேக் ஆஃப்’ தொடரையே சோதித்துப் பார்க்கலாம். இன்று அதே தொடர் சட்டையைக் கழற்றுவதையும், அலுவலகத்துக்கு விடுப்பு எடுப்பதையும், விலையில் கொஞ்சம் குறைப்பதையும், ஆள் சட்டென்று கிளம்பிவிடுவதையும், வியாபாரம் சூடுபிடிப்பதையும், விமானம் தரையை விட்டு எழுவதையும் சொல்கிறது. ஒருவரைப் போல நடித்துக் காட்டிக் கேலி செய்யும் பொருள் பிரிட்டனில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கழற்றுவதும் குறைப்பதும் புரிகின்றன: ‘ஆஃப்’ என்பது ஒன்றிலிருந்து விலகுதல், ‘டேக்’ என்பது எடுத்தல். விமானத்தையும் ஒருவாறு விளக்கலாம். தாவும்போது கால் தரையை விட்டு எழுவதைக் குறித்த 19-ஆம் நூற்றாண்டு வழக்கு, விமானம் வந்ததும் அதற்குப் போய்ச்சேர்ந்தது. கேலிக்கு மட்டும் ஒப்பீடு உதவாது. கழற்றுவதை மட்டும் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்துக்கு வந்துசேர மாட்டார்.

பொருளுக்குப் போகுமுன் ஒரு வரையறை வேண்டும். எல்லா வினை-சிறுசொல் சேர்க்கையும் ஃப்ரேசல் வெர்ப் ஆகிவிடாது. ஆங்கில இலக்கண வகுப்புகளில் இதற்கென்று ஒரு பழைய சோடி உண்டு: ‘ரன் அப் எ ஹில்’, ‘ரன் அப் எ பில்’. முதலாவது, குன்றின்மேல் ஓடுவது. இரண்டாவது, கடையில் கணக்கை ஏறவிடுவது. எழுத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டும் நடத்தையில் வேறு. ‘பில்’ என்ற சொல்லை நடுவில் தள்ளி ‘ரன் எ பில் அப்’ எனலாம். ‘ஹில்’ அப்படி நகராது, ஏனென்றால் அங்கே ‘அப்’ குன்றைச் சேர்ந்தது, வினையைச் சேர்ந்தது அன்று. பெயர்ச்சொல்லுக்குப் பதில் ‘இட்’ வந்தால் விதி இன்னும் கறார்: ‘ரன் இட் அப்’ என்று நடுவில்தான் வைக்க வேண்டும். பேச்சில் காது கொடுத்தாலும் வேறுபாடு கேட்கும். ஃப்ரேசல் வெர்ப்பில் சிறுசொல்லுக்கு அழுத்தம் உண்டு; குன்றேறும் ‘அப்’ மெலிந்து ஒலிக்கும்.

இந்தச் சோதனைகளிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. 1985-இல் ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய பெரிய இலக்கண நூல் இவற்றை மூன்று வகையாகப் பிரித்தது. நடுவில் பெயரை ஏற்கும் ‘கால் அப்’ ஒரு வகை. ஏற்காத ‘கால் ஆன்’ இன்னொரு வகை. இரண்டு சிறுசொற்களைச் சுமக்கும் ‘புட் அப் வித்’ மூன்றாம் வகை. 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரையே ஒதுக்கிவைத்தார்கள். வினையும் சிறுசொல்லும் வாக்கியத்துக்குள் ஒன்றையொன்று விட்டு நகர்ந்து போகும்போது, இரண்டையும் சேர்த்து ஒரே வினை என்பது சரியில்லை என்பது அவர்கள் வாதம். இலக்கணக்காரர்களுக்கு அந்த வாதம் வலுவானதே. மாணவருக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை, கூடுதலும் இல்லை.

‘புட் அப் வித்’ என்றதும் சர்ச்சில் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள். வாக்கியத்தின் கடைசியில் சிறுசொல் நிற்கக் கூடாது என்று ஓர் அதிகாரி திருத்தினாராம். சர்ச்சில் அந்த விதிப்படியே மூன்று சொல்லையும் பிய்த்து, ‘அப்’பையும் ‘வித்’தையும் முன்னுக்கு இழுத்து ஒரு கோணல் வாக்கியம் எழுதி, இதைச் சகிக்க மாட்டேன் என்றாராம். எர்னஸ்ட் கவர்ஸ் 1948-இல் எழுதிய ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ நூல் வழியாகக் கதை பரவியது. ஆனால் அதே நகைச்சுவை சர்ச்சிலின் பெயர் இல்லாமல் 1942-லேயே பத்திரிகையில் வந்திருக்கிறது. யார் சொன்னதாக இருந்தாலும், பிரிக்கக் கூடாததைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று.

வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் சிறுசொல் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’, ‘வித்ஸ்டாண்ட்’ போன்றவை அந்தக் காலத்து எச்சங்கள். இனமொழியான ஜெர்மன் இந்தப் பழக்கத்தை இன்றும் விடவில்லை. கைவிடுவதற்கு அங்கே ‘ஆவுஃப்கேபன்’ என்று ஒரு சொல். ‘ஆவுஃப்’ மேலே, ‘கேபன்’ கொடு. வாக்கியத்தில் வரும்போது முன்னொட்டு கழன்று கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தின் ‘கிவ் அப்’ இதே சேர்க்கைதான். ஆங்கிலத்தில் சொல்வரிசை வினை முன்னே, செயப்படுபொருள் பின்னே என்று இறுகியபோது சிறுசொல்லும் நிரந்தரமாக வினைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் இந்த அமைப்பு முன்பே பழக்கமானதால், அவர்கள் செல்வாக்கும் இதற்குத் துணைநின்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1154-உடன் முடியும் பீட்டர்பரோ வரலாற்றேட்டின் கடைசிப் பகுதிகளில், மேல்திசையைச் சுட்டாமல் செயல் முடிந்ததைச் சுட்டும் ‘அப்’ தலைகாட்டத் தொடங்குகிறது. மொழியியலாளர் டேவிட் டெனிசன் இதை விரிவாக ஆராய்ந்தவர்.

பிறகு நார்மன் ஆட்சியும் பிரெஞ்சுச் சொற்களின் வெள்ளமும். அரசு, நீதிமன்றம், திருச்சபை, கல்வி எல்லாவற்றிலும் பிரெஞ்சு, லத்தீன் வினைகள் அமர்ந்தன. ‘புட் ஆஃப்’ வீட்டிலும் சந்தையிலும் இருந்தது. ‘போஸ்ட்போன்’ கோப்பில் இருந்தது. ஃப்ரேசல் வெர்ப் என்றால் கொச்சை, ஒற்றைச்சொல் வினை என்றால் கண்ணியம் என்ற எண்ணத்துக்கு வேர் இங்கே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் கவிஞர் ஜான் டிரைடன் தம் கட்டுரை ஒன்றை மறுபதிப்புக்குத் திருத்தியபோது, வாக்கியத்தின் கடைசியில் நின்ற சிறுசொற்களைத் தேடிப்பிடித்து இடம் மாற்றினார். 1920-இல் அமெரிக்கர் ஆர்தர் கென்னடி இந்தச் சேர்க்கைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவை பெருகுவதைக் கண்டு அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித்தின் நூலில் அச்சேறியது. பெயரைத் தமக்குச் சொல்லித்தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று ஸ்மித் குறிப்பிடுகிறார். எட்டு நூற்றாண்டு உயிரோடு இருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்து நூறு ஆண்டுதான் ஆகிறது.

இனி பொருள். சிக்கலும் சுவையும் இங்கேதான். வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’ என்றும் சொல்வார்கள், ‘பர்ன் அப்’ என்றும் சொல்வார்கள். படிவத்தை நிரப்புவது ‘ஃபில் இன்’. ‘ஃபில் அவுட்’ என்றாலும் அதே படிவம், அதே வேலை. மேலும் கீழும் ஒன்றாகி, உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும் மொழி என்று ஆங்கிலேயர்களே இதை வைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு விடாமல் உள்ளே போனால் வேறுபாடு தெரிகிறது. வீடு ‘டவுன்’ என்னும்போது கண் கட்டடத்தின்மேல் இருக்கிறது: நின்றது விழுந்தது. ‘அப்’ என்னும்போது கவனம் எரிபொருளின்மேல் இருக்கிறது: மிச்சமில்லாமல் தீர்ந்தது. அதனால்தான் விறகு ‘அப்’ என்று எரியும், ‘டவுன்’ என்று எரிவதில்லை. மெழுகுவர்த்தி நிமிர்ந்து நிற்பது. அது ‘டவுன்’ என்று எரியும்.

1971-இல் டுவைட் போலிஞ்சர் எழுதிய ‘த ஃப்ரேசல் வெர்ப் இன் இங்கிலிஷ்’ இன்றும் படிக்கத் தகுந்த நூல். சிறுசொல்லின் இடப்பொருள் தேய்ந்துதேய்ந்து, செயல் முடிந்ததா, தொடர்கிறதா, தீவிரமானதா என்று காட்டும் குறியாக மாறுவதை அவர் படிப்படியாகக் காட்டினார். ‘ஈட்’ என்றால் தின்பது, ‘ஈட் அப்’ என்றால் தின்று தீர்ப்பது. பத்தாண்டு கழித்து, 1981-இல், சூசன் லிண்ட்னர் தம் முனைவர் பட்டத்துக்கு ‘அப்’, ‘அவுட்’ என்ற இரண்டே சொற்களை எடுத்துக்கொண்டார். வெறும் ஏற்றம் ஒரு ‘அப்’. ஒன்றை நோக்கி நெருங்கிச் சேர்வது இன்னொரு ‘அப்’. இரண்டாவதிலிருந்து ‘இலக்கைத் தொட்டாயிற்று, வேலை முடிந்தது’ என்ற பொருள் கிளைத்தது என்பது அவர் விளக்கம்.

‘அவுட்’ இன்னும் வேடிக்கை. வானத்தில் விண்மீன்கள் ‘அவுட்’ என்றால் அவை தெரிகின்றன. அறையில் விளக்குகள் ‘அவுட்’ என்றால் அணைந்துவிட்டன. நேர் எதிர்ப்பொருள்கள். பார்ப்பவர் நிற்குமிடத்தை வைத்து லிண்ட்னர் முடிச்சை அவிழ்த்தார். மறைவிடத்திலிருந்து வெளிவந்து நம் பார்வைக்குள் நுழைவது ஒரு ‘அவுட்’. நம் பார்வை எல்லையை விட்டு வெளியேறுவது மற்றொரு ‘அவுட்’. உண்மையைக் கண்டறியும் ‘ஃபைண்ட் அவுட்’ முதல் வகை. ஓர் இனம் அற்றுப்போகும் ‘டை அவுட்’ இரண்டாம் வகை. 1980-இல் லேக்காஃபும் ஜான்சனும் எழுதிய உருவகங்கள் பற்றிய நூல் இதற்கு முன்பே வழிவகுத்திருந்தது: அதிகம் என்பது மேல், குறைவு என்பது கீழ், அதனால் விலை ‘அப்’, ஒலி ‘டவுன்’. (இவர் மார்க் ஜான்சன்; அகராதிக்காரர் அல்லர்.)

இப்படிப் படித்துக்கொண்டே போனால், ஆஹா, எல்லாம் விளங்கிவிட்டது என்று தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. இந்த விளக்கங்கள் எல்லாம் பொருள் தெரிந்த பிறகு சொல்லப்படுபவை. ‘மேக் அப்’ என்று ஒரு தொடரைக் கொடுத்து, ‘அப்’பின் அத்தனை உருவகங்களையும் சொல்லிக்கொடுத்த பிறகும், அது முகப்பூச்சையும், பொய்யாகப் புனைவதையும், சண்டைக்குப் பின் ராசியாவதையும், இழப்பை ஈடுசெய்வதையும் குறிக்கும் என்று ஒரு மாணவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘கிவ் அப்’ ஏன் விட்டுவிடுதல், ‘கிவ் இன்’ ஏன் பணிந்துபோதல் என்பதற்குக் காரணம் கற்பிக்கலாம், கணிக்க முடியாது. ஆகவே ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம் என்ற ஜான்சனின் வாக்கு, நினைவில் வைப்பதற்கு உதவும், ஊகிப்பதற்கு உதவாது என்பதுதான் என் முடிவு. கேட்டுத் தெரிந்த பொருளை மறக்காமல் இருக்க உருவகம் நல்ல ஆணி. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

தவறான ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொடுமையான ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் டெனரிஃப்பின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில். அமெரிக்காவின் பான் ஆம் 747 அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. கேஎல்எம் துணைவிமானி, தாங்கள் ‘அட் டேக் ஆஃப்’ என்று வானொலியில் சொன்னார். புறப்படும் இடத்தில் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் எடுத்துக்கொண்டது. உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. இறந்தவர்கள் 583 பேர். அனுமதி கிடைக்குமுன் கிளம்பியதும், பனியும், வானொலியில் இரு குரல்கள் மோதி அழிந்ததும் என்று காரணங்கள் பல. அந்தத் தொடரின் இரட்டைப்பொருளும் அவற்றில் ஒன்று. டச்சு மொழியில் நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்லும் அமைப்பு அவருடைய ஆங்கிலத்துக்குள் கசிந்திருக்கலாம் என்று 1994-இல் ‘ஃபேட்டல் வேர்ட்ஸ்’ நூலில் ஸ்டீவன் குஷிங் விளக்கினார். விபத்துக்குப் பின் உலக விமானத்துறை வழக்கையே மாற்றியது. அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே ‘டேக் ஆஃப்’ என்று உச்சரிக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. மயக்கம் தரும் தொடரை ஓரிடத்தில் கட்டிப்போட்டு, மற்ற இடத்தில் லத்தீன் வழிவந்த ஒற்றைச்சொல்லை நிறுத்திய முடிவு அது.

தமிழருக்கு ஃப்ரேசல் வெர்ப் அந்நியமானது என்று வகுப்பறைகளில் சொல்வதை நான் ஏற்கவில்லை. எழுதினான் என்பதை வைத்துக்கொள்வோம். எழுதிவிட்டான், எழுதிக்கொண்டான், எழுதிவைத்தான், எழுதிப்பார்த்தான், எழுதித்தள்ளினான், எழுதித்தொலைத்தான். ஒவ்வொன்றிலும் எழுத்து ஒன்றே. முடிவு, தன்பயன், முன்னேற்பாடு, சோதனை, மிகுதி, எரிச்சல் என்று நிறம் மட்டும் மாறுகிறது. தள்ளுதலும் தொலைத்தலும் தம் சொந்தப் பொருளை இழந்து, செயல் எப்படி நடந்தது, பேசுபவருக்கு அதில் என்ன மனநிலை என்று காட்டும் குறிகளாகிவிட்டன. போலிஞ்சர் ‘அப்’ பற்றிச் சொன்னதும் இதுவே. இ. அண்ணாமலை, ஹெரால்ட் ஷிஃப்மன் ஆகியோர் இந்தத் துணைவினைகளை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் துணைவினைப் பொருள்களைத் தனியே பிரித்துக் காட்டியது.

முடிவைக் காட்டுவதோடு தமிழ் நின்றுவிடவும் இல்லை. ‘பார்த்துக்கொள்’ என்பதில் பார்வை எங்கே? ‘லுக் ஆஃப்டர்’ போலவே கவனித்துப் பேணுவது அது. ‘கண்டுபிடி’யில் எதையும் கையால் பிடிப்பதில்லை, ‘விட்டுக்கொடு’ப்பதில் எந்தப் பொருளும் கைமாறுவதில்லை, ‘தட்டிக்கேட்ப’வர் கதவைத் தட்டுவதில்லை, ‘தட்டிக்கழிப்ப’வரும் அப்படியே. தமிழ் கற்கவரும் வெளிநாட்டவருக்கு இவை எல்லாம் ‘மேக் அப்’ அளவுக்குத் தலைவலி.

வேறுபாடு இருப்பது வேறோர் இடத்தில். தமிழ் இந்த வேலைக்கு இன்னொரு வினையை அழைக்கிறது. ஆங்கிலம் இடத்தைக் குறிக்கும் சொல்லை அழைக்கிறது. மொழியியலாளர் லெனர்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். போகும் பாதையை வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைப்பவை ஒரு பக்கம்: ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன். பாதையை வினைக்குள்ளேயே வைப்பவை மறுபக்கம்: ஸ்பானிஷ், ஜப்பானியம், தமிழ். நமக்கு ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. ஆங்கிலம் ஒரே ‘கோ’வை வைத்துக்கொண்டு ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’ என்று மாற்றுகிறது. தமிழ் மாணவர் வினையின்மேலேயே கண்ணை வைத்து, பின்னால் வரும் சிறுசொல்லை அலட்சியமாகக் கடந்துபோவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தாய்மொழியின் அமைப்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 1985-இல் டகுட், லாஃபர் இருவரும் ஹீப்ரு பேசும் மாணவர்களைப் பார்த்தார்கள். ஹீப்ருவில் இப்படிப்பட்ட வினைகள் இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் ஒற்றைச்சொல் வினையையே விரும்பி, ஃப்ரேசல் வெர்ப்பைத் தவிர்த்தார்கள். தாய்மொழியில் இல்லாததால் தவிர்க்கிறார்கள் என்று முடிவு கட்டியாயிற்று. 1989-இல் ஹுல்ஸ்டைன், மார்ச்செனா டச்சு மாணவர்களைச் சோதித்தபோது கதை திரும்பியது. டச்சில் இந்த அமைப்பு உண்டு. ஆனாலும் தங்கள் மொழித் தொடரோடு மிகவும் ஒத்துப்போனவற்றை அவர்கள் சந்தேகப்பட்டு ஒதுக்கினார்கள். இது எங்கள் ஊர் வழக்கு, ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்ற தயக்கம். 1993-இல் சுவீடிஷ் மாணவர்கள் தவிர்க்கவில்லை. 2004-இல் சீன மாணவர்களில் இடைநிலையினர் தவிர்த்தார்கள். தேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட ஆங்கிலேயரைப் போலவே பயன்படுத்தினார்கள். சீன முடிவுதான் நமக்கு முக்கியம். தாய்மொழியில் இல்லாவிட்டாலும் பழக்கத்தால் தடை விலகுகிறது.

தவிர்த்தால் என்ன நட்டம்? இதற்கு எண்ணிக்கை பதில் சொல்கிறது. 2007-இல் கார்ட்னர், டேவீஸ் இருவரும் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை அலசினார்கள். ஏறத்தாழ 150 சொற்களுக்கு ஒரு ஃப்ரேசல் வெர்ப். வெறும் 20 வினைகளும் 8 சிறுசொற்களும் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல். முதலிடத்தில் ‘கோ ஆன்’. அடுத்தடுத்து ‘கேரி அவுட்’, ‘செட் அப்’. முதல் பத்தில் ‘பாயிண்ட் அவுட்’டும் உண்டு. இவை தெருப்பேச்சா? ஆய்வறிக்கையிலும் அரசாணையிலும் வருபவை. பேச்சிலும் புனைகதையிலும் ஃப்ரேசல் வெர்ப் மிகுதி, கல்வி உரைநடையில் குறைவு என்பது உண்மைதான். முறைசார் எழுத்தில் அறவே கூடாது என்பது பொய். எண்ணிக்கையின் மறுபக்கம் பயமுறுத்தும்: முதல் நூறு தொடர்களுக்குச் சராசரியாக ஐந்தரைக்கு மேல் பொருள். ஆனால் 2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் 150 தொடர்களை எடுத்து, எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் சராசரி இரண்டு பொருள் தெரிந்தாலே பெரும்பாலான இடங்களுக்குப் போதும் என்று தெரிந்தது.

இப்படித் தவிர்ப்பதற்கு நேர்மாறான ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 1930-இல் சி. கே. ஆக்டன் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். ‘பேசிக் இங்கிலிஷ்’ என்று பெயர். வினைகள் பதினெட்டே பதினெட்டு. 1943-இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில்கூட ஆதரித்தார். கழித்த வினைகளின் வேலையை யார் செய்வது? ‘கெட்’, ‘புட்’, ‘கோ’, ‘டேக்’ போன்றவற்றோடு சிறுசொற்களைச் சேர்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. சொற்பட்டியல் சுருங்கியது, ஜான்சன் சொன்ன அதே பழைய இடர்ப்பாடு அதற்குள் இடம் மாறி உட்கார்ந்தது. சின்ன வினை என்பதால் எளிய வினை என்று நினைப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இன்னொரு சான்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினையின் பதிவுதான் மிக நீளம். பிறகு திருத்தப்பட்ட பதிவில் ‘ரன்’ 645 பொருள்களோடு அதைத் தாண்டியது. அந்த ஒரு வினையை முடிக்க அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது.

இந்திய ஆங்கிலம் இந்தத் தொடர்களைத் தன் போக்கில் நடத்துகிறது. முன்கூட்டி நடத்துவதற்கு ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ இருக்க, ‘போஸ்ட்போன்’ பாணியில் ‘ப்ரிபோன்’ செய்துகொண்டோம். ‘கோப் வித்’ போதுமானது. நாம் ‘கோப் அப் வித்’ என்கிறோம். கல்லூரியை முடிப்பது நமக்கு ‘பாஸ் அவுட்’. வெளிநாட்டுக்காரர் காதில் அது மயங்கி விழுந்ததாகக் கேட்கும்.

தமிழ்ப் பேச்சு இவற்றை வாங்கிக்கொண்ட விதம் இன்னும் கவனிக்கத் தக்கது. வினையாக வாங்காமல் பெயராக வாங்கி, பண்ணு, ஆகு, கொடு என்ற நம் வினைகளை மாட்டினோம். படப்பிடிப்பில் பேக்கப் ஆகிறது, நடிகர் கெட்டப் மாற்றுகிறார், காதல் ப்ரேக்கப் ஆகிறது, காவல் நிலையத்தில் லாக்கப், மோட்டார் சைக்கிளுக்குப் பிக்கப் இல்லை, வீண் பெருமை பேசினால் ‘பில்டப் கொடுக்காதே’. செட்டப் என்பதற்குத் தமிழில் ஒட்டிக்கொண்ட கள்ளத்தனமான வாடையை ஆங்கிலேயர் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைவிட ஒரு படி மேலே போய், ‘ஸ்விட்ச்’ என்ற வினையை வழியிலேயே உதறிவிட்டு ‘ஆன் பண்ணு’, ‘ஆஃப் பண்ணு’ என்றோம். வாயாடுபவரைக்கூட ‘ஆஃப் பண்ணிவிடுகிறோம்’. பாரம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை ஆராய்ச்சி எதுவும் படிக்காமலே நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அகராதிகள் இதைக் கண்டுகொள்ள நாளானது. 1975-இல் கவியும் மாக்கினும் ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் தொகுத்ததும், 1983-இல் லாங்மேன் வெளியிட்டதும் வினையின் அகரவரிசையில் போயின. 1989-இல் கோபில்ட் தொகுப்புதான் பின்னால் சிறுசொற்களுக்கென்று தனிப் பகுதி வைத்து, ‘அப்’ என்னென்ன செய்கிறது, எந்தெந்த வினையோடு செய்கிறது என்று கூட்டிக் காட்டியது. நூலகத்தில் கிடைத்தால் முதலில் புரட்ட வேண்டிய பக்கங்கள் அவை.

நம் பொதுத்தேர்வுகளில் ஃப்ரேசல் வெர்ப் ஒரு மதிப்பெண் வினா. கோடிட்ட இடம், நான்கு விடைகள். அதற்காகக் கையேடுகள் ‘லுக்’ குடும்பத்தையும் ‘புட்’ குடும்பத்தையும் முழுதாக அச்சிட்டு, எதிரே ஒற்றைச்சொல் பொருள் போட்டு மனப்பாடத்துக்கு அனுப்புகின்றன. ஒரே வினையின் பத்துத் தொடர்களை ஒரே நாளில் படிப்பவர் அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்தப் பட்டியலில் பல, ஆங்கில நாளிதழில் அரிதாகவே கண்ணில் படுபவை. வினாத்தாள் அமைப்பவர்களும் கையேடு எழுதுபவர்களும் இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அடிக்கடி வரும் நூற்றைம்பதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொருள், பொருளுக்கு ஒரு முழு வாக்கியம் என்று பள்ளி ஆண்டுகளுக்குள் பிரித்துக் கொடுத்தால் போதும். மீதியை, தேவை வரும்போது அகராதியில் பார்த்துக்கொள்ளலாம்.